பொலோனியாவுக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் வீடு, அப்புறம் விமான டிக்கெட்

இத்தாலியில் பொலோனியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன செய்யணும் என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, விட்டுப்போன அதிலேயே போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நான் திருச்சியில் இளங்கலை முடித்துவிட்டு 2023 செப்டம்பரில் அங்கே புள்ளியியல் முதுகலையில் சேர்ந்தேன், 2025-இல் முடித்தேன். நடுவில் பட்டதெல்லாம் இதில் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடு தேடுவது, இத்தாலியன் கற்றுக்கொள்வது, இந்த இரண்டையும் ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் போய் வரிசையில் நின்றால் நடந்துவிடும். இந்த இரண்டும் அப்படி நடக்காது.

கிளம்பும் முன்

உங்கள் படிப்பு எந்த ஊரில் நடக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பொலோனியா பல்கலைக்கழகம் என்று சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும், ஆனால் வகுப்பு ரிமினியிலோ ஃபோர்லியிலோ செசேனாவிலோ ராவென்னாவிலோ இருக்கலாம், எல்லாமே அதே பல்கலைக்கழகத்தின் வளாகங்கள்தான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பொலோனியாவில் அறைக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் தன் வகுப்பு ரிமினியில் என்று கண்டுபிடித்தான். சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், தினமும் போய் வரக்கூடிய தூரம் இல்லை.

இடம் கிடைத்ததும் யுனிவர்சிட்டாலி என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்யவேண்டும், அதைப் பல்கலைக்கழகம் சரிபார்த்த பிறகுதான் விசாவுக்குப் போக முடியும். விசா டி வகை, அதாவது நீண்டகாலம் தங்குவதற்கானது. நம் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று காட்டும் சான்றும் கேட்பார்கள், அதை சிமியா என்ற அமைப்பிடம் இணையம் வழியாகவே வாங்கலாம். இந்த வேலைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும், ஜூலை வரை காத்திருக்காதீர்கள்.

உதவித்தொகை வேண்டும் என்றால் (பெரும்பாலும் நம் எல்லோருக்கும் வேண்டும்) அதைத் தருவது பல்கலைக்கழகம் இல்லை, பொலோனியா இருக்கும் எமிலியா ரொமான்யா மாநிலத்தின் எர்கோ என்ற அமைப்பு. அவர்கள் உங்கள் மதிப்பெண்ணை விடக் குடும்ப வருமானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு வருமானம், சொந்த வீடு உண்டா, வங்கியில் எவ்வளவு இருக்கிறது, இவ்வளவுக்கும் சான்று வேண்டும், அதற்கு அப்போஸ்டில் முத்திரையும் (இந்தச் சான்று வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு போட்டுத் தருவது) இத்தாலிய மொழிபெயர்ப்பும் வேண்டும். எங்கள் அம்மா தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடந்தார். வருமானச் சான்றில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்து மாறி வந்துவிட்டது, அதைத் திருத்தவே பதினைந்து நாள். கல்விக்கட்டணமும் இதே வருமானக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும் என்பதால், உதவித்தொகை கிடைக்காது என்று நினைப்பவர்களும் இந்தத் தாள்களைத் தயார் செய்யவேண்டும், இல்லாவிட்டால் முழுக் கட்டணம் கட்டவேண்டி வரும். உதவித்தொகையின் முதல் தவணையை வருடக் கடைசியில்தான் எதிர்பார்க்கலாம். முதல் நான்கு மாதத்துக்கு வாடகை, சாப்பாடு, தாள் செலவு எல்லாவற்றுக்கும் பணம் கையில் இருக்கட்டும்.

வீடு

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிறைய எழுதப்போகிறேன்.

பொலோனியாவில் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள், பல்கலைக்கழகத்தில் மொத்தம் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். இந்த ஊரில் வீட்டுப் பஞ்சம் இன்று நேற்று வந்ததில்லை. தெருவெல்லாம் வளைவு வளைவாகத் தாழ்வாரம் பார்ப்பீர்கள், போர்த்திகோ என்பார்கள். ஊர் முழுக்க 62 கிலோமீட்டர் இருக்கிறது, 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அது எப்படி வந்தது தெரியுமா? 1088-இல் தொடங்கியதாகச் சொல்லும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களும், வேலை தேடி மற்றவர்களும் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் மாடி அறையைத் தெருப் பக்கம் இழுத்துக் கட்டினார்கள், அதைத் தாங்கக் கீழே தூண் நட்டார்கள். 1288-இல் புது வீடு கட்டினால் தாழ்வாரம் விட்டே ஆகவேண்டும், குதிரையில் வருபவன் தலை இடிக்காத உயரம் இருக்கவேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். எண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே மாணவனுக்கு இடம் போதாமல் தெருவில் நீண்ட ஊர் இது, நமக்கு மட்டும் சுலபமாகக் கிடைத்துவிடுமா?

மே, ஜூன் மாதத்திலேயே தேடத் தொடங்குங்கள். விளம்பரத்தில் மூன்று சொல் வரும்: சிங்கோலா என்றால் தனி அறை, தோப்பியா என்றால் இருவர் தங்கும் அறை, போஸ்தோ லெத்தோ என்றால் பகிர்ந்த அறையில் ஒரு கட்டில். நான் தேடியபோது தனி அறைக்கு 550 முதல் 650 யூரோ வரை கேட்டார்கள், பகிர்ந்த அறையில் கட்டில் 350-க்குக் கிடைத்தது. ஸ்பேஸே என்று ஒன்று தனியாக வரும், தண்ணீர், மின்சாரம், கேஸ், கட்டடப் பராமரிப்பு எல்லாம் அதில். வாடகையில் அது அடக்கமா இல்லையா என்று கேட்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள். குளிர்காலத்து ஹீட்டர் செலவு ஒரு மாதத்தில் 80 யூரோ கூடுதலாக்கிவிடும்.

எந்தப் பகுதி என்று கேட்பீர்கள். ரயில் நிலையத்துக்குப் பின்புறம் பொலோனீனா, கிழக்கே சான் தொனாத்தோ, மாத்சீனி, தெற்கே மூர்ரி. நான் பொலோனீனாவில் இருந்தேன். வகுப்பு சம்போனி தெருப் பக்கம், நடந்தால் இருபத்தைந்து நிமிடம். நம் காய்கறி, அரிசி, மசாலா எல்லாம் விற்கும் பங்களாதேஷ்காரர் கடைகள் கைக்கெட்டும் தூரத்தில். இரவில் நிலையத்தை ஒட்டிய சில தெருக்களில் பார்த்துப் போகணும், மற்றபடி எனக்கு அது பிடித்த இடம்.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டை யாராவது நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். என்னோடு படித்த பெண்ணுக்கு ஒருவர் படம் அனுப்பினார், பாஸ்போர்ட் நகலும் அனுப்பினார், தான் வெளிநாட்டில் வேலை செய்வதாகவும் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். அவள் 900 யூரோ அனுப்பினாள். பெட்டியோடு போய் நின்றபோது அந்த முகவரியில் ஒரு பல் டாக்டர் கிளினிக் இருந்தது. வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள், அழக்கூடத் தெரியாமல் பேசினாள். மூன்று வாரம் என் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, வீட்டுக்காரர் ஊரில் இல்லை, அவசரப்படுத்துகிறார்: இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஹாஸ்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்க ஏற்பாடு செய்துவிட்டு, செப்டம்பர் முதல் வாரமே போய் நேரில் பாருங்கள். விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள்தான், அதற்குப் பல்கலைக்கழக விடுதி, எர்கோ விடுதி, அல்லது ரத்து செய்யக்கூடிய முன்பதிவு என்று பார்த்துக்கொள்ளலாம். பார்க்கப் போகும்போது கூட வசிக்கப் போகிறவர்களிடம் பேசுங்கள், அங்கே அறையை யாருக்குக் கொடுப்பது என்று பல வீடுகளில் அவர்கள்தான் முடிவெடுப்பார்கள். சிறிய நேர்காணல் மாதிரி இருக்கும்: என்ன படிக்கிறாய், சமைப்பாயா, சிகரெட் உண்டா, வாரக்கடைசியில் யாரையாவது கூட்டி வருவாயா. நான் பதினோரு வீடு பார்த்தேன். பதினோராவது வீட்டில், இத்தாலியனில் தட்டுத்தடுமாறி "எனக்குச் சமைக்கப் பிடிக்கும், உங்களுக்கும் செய்து தருவேன்" என்று சொன்னேன், அதற்கு அப்புறம்தான் அந்தப் பெண்கள் சிரித்து உட்காரச் சொன்னார்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வரித்துறையில் பதிவு செய்ததாக இருக்கவேண்டும். பதிவில்லாமல் ஐம்பது யூரோ குறைவாகத் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் குடியிருப்புப் பதிவு, உதவித்தொகை, மருத்துவ அட்டை எல்லாம் வரிசையாக இடிக்கும்.

பதினாறு எழுத்து

போய் இறங்கியதும் வாங்கவேண்டிய முதல் தாள் கோதிச்சே ஃபிஸ்காலே, வரி எண். இலவசம்தான், பாஸ்போர்ட்டோடு வரித்துறை அலுவலகத்துக்குப் போனால் தருவார்கள். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எதற்கும் இதைத்தான் கேட்பார்கள்.

மொத்தம் 16 எழுத்தும் எண்ணும். குடும்பப் பெயரிலிருந்து மூன்று மெய்யெழுத்து, உங்கள் பெயரிலிருந்து மூன்று, பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, அப்புறம் தேதி. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள், 9-ஆம் தேதி பிறந்த எனக்கு 49 என்று இருக்கும், தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அதற்கடுத்து பிறந்த நாட்டின் குறியீடு, இந்தியாவுக்கு இசட் 222, இலங்கைக்கு இசட் 209. கடைசியில் சரிபார்க்க ஓர் எழுத்து.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். இத்தாலிக்காரர்களுக்கு அது புரியாது. ஒரு அலுவலகத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு அலுவலகத்தில் வேறு மாதிரியும் எழுதிவிட்டால் பதினாறு எழுத்தும் மாறி, இரண்டு ஆளாகிவிடுவீர்கள். காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. பல்கலைக்கழகம், விசா, வங்கி எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். என்னை எல்லா அலுவலகத்திலும் "சிஞ்ஞோரா முருகேசன்" என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் தடவை அப்பாவையா கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது, அவ்வளவு தூரத்தில் அப்பா பெயரைத் தினமும் யாராவது சத்தமாகச் சொல்வது நன்றாகவே இருந்தது.

மஞ்சள் பட்டை உறை

இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும், பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ. தபால் நிலையத்தில் ஸ்போர்தெல்லோ அமிக்கோ என்று எழுதிய கவுண்டரில் "கிட்" கேளுங்கள், மஞ்சள் பட்டை போட்ட பெரிய உறை இலவசமாகத் தருவார்கள். உள்ளே இருக்கும் படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட் பக்கங்கள், விசா, சேர்க்கைக் கடிதம், மருத்துவக் காப்பீடு, பணம் இருப்பதற்கான சான்று எல்லாவற்றின் நகலையும் வைத்து, உறையை ஒட்டாமல் கொண்டுபோங்கள், அவர்கள் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள்.

செலவுக் கணக்கு: 16 யூரோ முத்திரை வில்லை (மார்க்கா தா போல்லோ என்று கேட்டால் 'டி' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் கிடைக்கும்), ஒரு வருடம் வரையிலான அனுமதிக்கு 70.46 யூரோ, தபால் நிலையத்துக்கு 30 யூரோ. மொத்தம் 116.46. நான் கட்டியது இதுதான். அங்கேயே ஒரு ரசீதும் போலீஸ் அலுவலகத்துக்கு, அதாவது குவெஸ்தூராவுக்கு, எந்த நாள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்ற சீட்டும் தருவார்கள். அந்த ரசீதைக் கண் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அதுதான் உங்கள் அனுமதி.

இன்னொன்று, பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ரசீது மட்டும் கையில் இருக்கும்போது, விசாவும் முடிந்துபோயிருந்தால், ஊருக்குப் போய் வரலாம், ஆனால் வேறு ஷெங்கன் நாட்டு (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வழியாகப் போகக்கூடாது. ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழி டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். துபாய், தோஹா வழியாகப் போங்கள்.

குவெஸ்தூராவுக்குக் கைரேகை கொடுக்கப் போன நாளில் ஏழரை மணிக்கே வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, போட்டோ நாலு வச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டார். என்னிடம் இரண்டுதான் இருந்தது. "ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் இடம் பிடிக்கிறன்" என்றார். ஓடிப் போய் எடுத்து வந்தேன், உள்ளே நான்கும் கேட்டார்கள். அதனால் சொல்கிறேன், நான்கு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாக. அரசு மருத்துவச் சேவையில் மாணவர்கள் சேர 2024 முதல் வருடத்துக்கு 700 யூரோ ஆக்கிவிட்டார்கள், முன்பு 149.77 யூரோதான். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான தொகை, நவம்பரில் சேர்ந்தாலும் முழுதும் கட்டவேண்டும். அதனால் டிசம்பர் வரைக்கும் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு ஜனவரியில் யோசியுங்கள். நாட்பட்ட நோய், தொடர்ந்து மருந்து என்றால் கட்டாயம் சேருங்கள், உங்களுக்கென்று ஒரு குடும்ப டாக்டர் கிடைப்பார். அவசரம் என்றால் 112.

மொழி

என் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான். அதனால் இத்தாலியன் எதற்கு என்று நினைத்தேன், அது பெரிய தப்பு. வகுப்பறைக் கதவைத் தாண்டினால் ஊர் இத்தாலியனில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர், தபால் நிலையம், டாக்டர், பேருந்து ஓட்டுநர், மருந்துக் கடை, பகுதிநேர வேலை எல்லாமே. மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம், வருடத்துக்கு 1,040 மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஆனால் மொழி தெரியாதவனுக்குப் பாத்திரம் கழுவும் வேலைதான் கிடைக்கும், தெரிந்தவனுக்கு கல்லாவில் வேலை.

ஒரு நாளைக்கு அரைமணி நேரம், ஐந்து மாதம். எண், கிழமை, மணி, "எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்", இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடுவீர்கள். போன பிறகு பல்கலைக்கழக மொழி மையத்தில் இலவச வகுப்பு உண்டு, முதல் வாரமே பெயர் கொடுங்கள். இத்தாலியன் உச்சரிப்பு நம் வாய்க்குச் சுலபம், எழுதியிருப்பதைக் கிட்டத்தட்ட அப்படியே படிக்கலாம், ஒற்றெழுத்து இரட்டிப்பதில்கூட நம்மைப் போல: அவர்களுக்கும் 'பல'வும் (மண்வாரி) 'பல்ல'வும் (பந்து) வேறுதான். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. பேராசிரியரையும் வயதானவரையும் 'தூ' என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவு, 'லெய்' என்று சொல்லவேண்டும்.

பொலோனியாவுக்கே உரிய சொற்கள் சில புத்தகத்தில் இருக்காது. குப்பைக்கு ருஸ்கோ. கீழ்வாசல் கதவை மேலிருந்து பொத்தான் அழுத்தித் திறக்கச் சொல்ல "தம்மி இல் தீரோ". இந்த இரண்டையும் சொன்ன அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் நின்று பேசினார்.

நம் வீரமாமுனிவரும் இந்த ஊரிலும் ராவென்னாவிலும் பயின்றவர்தான், அப்போது பெஸ்கி. இங்கிருந்து போய் நம் மொழியைக் கற்று நம் எகரத்தையும் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டினார். கடினமாக இருக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

தேர்வு

தேர்வு இங்கே பெரும்பாலும் வாய்மொழி. எழுத்துத் தேர்வு இருந்தாலும் பல பாடங்களில் அதற்குப் பிறகு பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். நாம் பதினைந்து வருடம் எழுதியே பழகியவர்கள், இதற்குத் தயாராகவே இருக்க மாட்டோம்.

என் முதல் தேர்வு ஜனவரி கடைசியில். அறையில் பேராசிரியர், அவருடைய உதவியாளர், பின்வரிசையில் அடுத்து வரவேண்டிய ஏழெட்டு மாணவர்கள், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "உங்களுக்குப் பிடித்த தலைப்பிலிருந்து தொடங்குங்கள்" என்றார். இப்படித் தொடங்கச் சொல்வது இங்கே வழக்கம், எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாத் தலைப்பும் தெரியும், எதுவும் வாயில் வரவில்லை. சூத்திரத்தை எழுதினேன். "ஏன்?" என்றார். நிரூபணத்தை எழுதினேன். "சரி, இதை உங்கள் பாட்டிக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். அங்கே நின்றுவிட்டேன். 22 கொடுத்தார்.

மதிப்பெண் 30-க்கு, தேர்ச்சிக்கு 18. மிகச் சிறப்பு என்றால் 30-உடன் 'லோதே' சேர்ப்பார்கள். இதில் ஒரு நல்ல விஷயம், கொடுத்த மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தேர்வு நாளில், அதை அப்பெல்லோ என்பார்கள், திரும்ப வரலாம். ஜனவரி பிப்ரவரி, ஜூன் ஜூலை, செப்டம்பர் என்று வருடத்தில் மூன்று பருவம். நான் 22-ஐ மறுத்துவிட்டு, மூன்று வாரம் வீட்டுப் பெண்களிடம் தினமும் ஒரு தலைப்பை வாய்விட்டு விளக்கினேன், அவர்களில் ஒருத்தி சட்டம், ஒருத்தி ஓவியம், இருவருக்கும் புள்ளியியல் தெரியாது. அடுத்த முறை 27. நீங்கள் முதல் வாரத்திலிருந்தே வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். ஆனால் கணக்குப் பார்த்து மறுங்கள்: எர்கோ உதவித்தொகை வாங்குபவர்கள் ஆகஸ்ட் 10-க்குள் அறிவித்த அளவு கிரெடிட் (ஒவ்வொரு பாடம் முடித்ததும் சேரும் புள்ளி) முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் வாங்கியதைத் திருப்பித் தரும்படி ஆகலாம். முதல் வருடத்தில் எல்லாவற்றிலும் 30 வேண்டும் என்று உட்கார்ந்து கிரெடிட்டைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு ஒன்பது மணி என்றால் ஒன்பதே காலுக்குத் தொடங்கும், அந்தக் கால் மணி நேரம் பழைய வழக்கம். தேர்வுக்கு அப்படிக் கிடையாது.

படிக்க இடம் வேண்டும் என்றால் சாலா போர்சா நூலகம். மாஜோரே சதுக்கத்தை ஒட்டி, யாரும் இலவசமாகப் போகலாம், கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானியர் காலத்து இடிபாடு தெரியும்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுபவர்கள் கவனம். இது பன்றி இறைச்சி ஊர். தொர்த்தெல்லீனி பார்க்க வெறும் மாவு உருண்டை மாதிரி இருக்கும், உள்ளே இறைச்சி. பியாதீனா என்ற ரொட்டியின் மாவிலேயே பல கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், "ஸ்த்ரூத்தோ இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சைவம் எப்போதும் ஏதாவது இருக்கும், உதவித்தொகை மாணவர்களுக்கு அது மலிவு.

வீட்டில் சமைப்பதற்கு: தோல் நீக்கிய சிவப்புப் பருப்பு எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், நம் மைசூர்ப் பருப்புதான் அது. துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலைக்குப் பங்களாதேஷ்காரர் கடை. குக்கரும் சிறிய மிக்ஸியும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். வீட்டு மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட், வாஷிங் மெஷின் ஓடும்போது கெட்டிலையும் ஓவனையும் போட்டால் வீடே இருட்டாகிவிடும், கீழே போய் மீட்டரைத் திரும்பப் போடவேண்டும்.

இட்லி மாவு புளிப்பதுதான் குளிர்காலத்தில் பாடு. பொலோனியாவில் ஹீட்டர் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் போடலாம், அதுவும் ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது சட்டம். நான் மாவைக் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளித் துண்டில் சுற்றி, மாலையில் ஹீட்டர் சூடாகும்போது அதன் மேல் வைத்துவிடுவேன். இரவு ஹீட்டர் அணைந்த பிறகும் துண்டுக்குள் சூடு நிற்கும். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு மேலே வந்திருக்கும், வீடு முழுக்க அந்தப் புளித்த வாசனை. வீட்டுப் பெண்களுக்கு முதலில் புரியவில்லை, பிறகு ஞாயிறு வந்தால் அவர்களே "மாவு கரைத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊருக்குள்

விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு மோனோரயில் இருக்கிறது, ஏழெட்டு நிமிடம். ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25-இல் நின்றிருக்கும். ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று அந்த நேரத்தில் அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள், அதற்காகவே அப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே இடிந்த சுவரையும் பெயர்ப் பலகையையும் ஒருமுறை நின்று பாருங்கள்.

பேருந்திலும் ரயிலிலும் தாள் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மெஷினில் முத்திரை குத்தவேண்டும். வந்த மூன்றாம் நாள் டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் நான் அபராதம் கட்டினேன். தொடக்கத்திலேயே மாணவர் பாஸ் எடுத்துவிடுங்கள், அல்லது பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள், பூட்டு மட்டும் புதிதாக, கனமாக.

அக்டோபர் 4 ஊரின் காவல் புனிதர் பெத்ரோனியோ திருநாள், நீங்கள் அலுவலகம் அலுவலகமாக அலையும் நேரத்தில் வரும், அன்று போகாதீர்கள். ஆகஸ்ட் நடுவில் ஊரே மூடிவிடும். குடையை மறந்தாலும் பரவாயில்லை, தாழ்வாரம் இருக்கிறது. மனம் சரியில்லை என்றால் சான் லூக்கா கோயிலுக்கு நடங்கள், ஊர் வாசலிலிருந்து குன்று உச்சி வரை 666 வளைவு, கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர், மழையிலும் நனையாமல் ஏறலாம். முதல் தீபாவளிக்கு நான் அங்கேதான் ஏறினேன். மேலிருந்து ஊர் விளக்கெல்லாம் தெரிந்தது, அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், "எல்லாம் செங்கல் நிறமா இருக்கேடி" என்றார்.

முடித்த பிறகு

அனுமதியைப் புதுப்பிக்கக் கடைசி நாள் வரை இருக்காதீர்கள், இரண்டு மாதம் முன்பே மஞ்சள் பட்டை உறையை வாங்கிவிடுங்கள். பட்டம் வாங்கியதும் வேலை தேட ஒரு வருடம் வரைக்கும் தனி அனுமதி கேட்கலாம், மாணவர் அனுமதி முடிவதற்குள் கேட்கவேண்டும். ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்றால் பட்டச் சான்றுக்கு அங்கேயே அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், ஊரிலிருந்து செய்வது பெரும்பாடு.

பட்டம் வாங்கும் நாளில் தலையில் லாரல் இலை மாலை வைப்பார்கள், அன்று முழுக்க அதோடுதான் தெருவில் நடக்கவேண்டும், முன்பின் தெரியாதவர்கள்கூட வாழ்த்துவார்கள். படிப்பு முடிக்கும் முன் 97 மீட்டர் அசிநெல்லி கோபுரத்தில் ஏறினால் பட்டம் வாங்க முடியாது என்று மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் யாரும் ஏறமாட்டார்கள், நானும் முடித்த அன்றைக்கென்று வைத்திருந்தேன். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா கோபுரத்துக்கு ஆபத்து என்று 2023 அக்டோபரில் இரண்டையும் மூடினார்கள், நான் கிளம்பும்வரை திறக்கவில்லை. மாலையோடு கீழே நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். நீங்கள் படிக்கும்போது திறந்தால், பட்டம் வாங்கிய பிறகு, அந்த 498 படியையும் எனக்கும் சேர்த்து ஏறுங்கள்.